கிராம ஊழியத்துக்குப் போகிறீர்களா?

மே விடுமுறையில் சபை வாலிபர்களோடு வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தக் கிராமத்துக்குப் போகிறவர்கள், முதலில் அந்த ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் காலையிலேயே நூறு நாள் வேலைக்கோ காட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். வீடு சந்திப்பை விளக்கு வைத்த பிறகு வைத்துக்கொண்டால், திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார்கள். பிள்ளைகளின் வகுப்பு வெயில் ஏறுமுன் முடியட்டும்.

அப்புறம், கையில் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலங்கள் இருக்கட்டும். யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் உடனே உதவும். ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் மொத்தத்தையும் கொட்டினால் உப்பு மிஞ்சி, குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மாத்திரை மட்டும் நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.