பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி திரும்புதல்: காவிரிப் படுகைப் பள்ளிகள் செய்ய வேண்டியவை

பள்ளி திறக்கும் தேதி அறிவிக்கப்பட்டதும் பல பள்ளிகளில் முதலில் வாங்கப்படுபவை கிருமிநாசினிப் புட்டிகளும் வெப்பமானியும்தான். அவை தேவையானவையே. ஆயினும் கொரோனா முதன்மையாகக் காற்றின் வழியே பரவும் நோய் என்பதால், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் முதலில் கவனிக்க வேண்டியவை வகுப்பறைச் சன்னல்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் மரச்சன்னல்கள் ஈரத்தில் புடைத்துத் திறக்க வராமல் போயிருக்கும்; கொக்கிகள் துருப்பிடித்திருக்கும். திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே தச்சரை அழைத்து அவற்றைச் சரிசெய்து, எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சன்னலேனும் பள்ளி நேரம் முழுவதும் திறந்திருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை மாதங்கள். சாரல் அடிக்கிறது என்று எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டால் முகக்கவசம் மட்டும் பிள்ளைகளைக் காப்பாற்றாது. சாரல் விழும் பக்கத்துப் பெஞ்சுகளை உள்ளே நகர்த்திவிட்டு, மறுபக்கச் சன்னலையும் வாசற்கதவையும் திறந்தே வைக்க வேண்டும்.

மழையில்லாத நாள்களில் வேம்பு, புங்கை நிழலில் வகுப்பு நடத்துவது மிகவும் நல்லது. ஆனால் நிழல் போதவில்லை என்று கீற்றுக் கொட்டகை போடும் எண்ணத்திற்கு எவரும் இடம் கொடுக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பகுதி இது. நோயைத் தவிர்க்கும் அவசரத்தில் அந்த ஆபத்தைத் திரும்பவும் பள்ளிக்குள் கொண்டுவர எந்தக் காரணமும் போதுமானதன்று.

வயலும் வாய்க்காலும் சூழ்ந்த பள்ளிகளில் கழிப்பறை, விறகு அடுக்கிய மூலை, சத்துணவுக் கூடம் ஆகியவற்றில் பாம்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால், பிள்ளைகள் வருவதற்கு முன்பே பெரியவர்கள் பகல் வெளிச்சத்தில் புதர்களை அகற்றி எல்லா இடங்களையும் பார்த்துவிட வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் பழைய நீரை முழுவதும் வெளியேற்றித் தேய்த்துக் கழுவிய பிறகே புதுநீர் ஏற்ற வேண்டும். தரையையும் கைப்பிடிகளையும் துடைக்க, 33 விழுக்காடு குளோரின் கொண்ட ப்ளீச்சிங் பவுடரை லிட்டருக்கு 30 கிராம் வீதம் கரைத்துத் தெளியவைத்தால் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டுடன் அது கலந்தால் நச்சுவாயு உண்டாகும் என்பதைத் தூய்மைப் பணியாளரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறக்கப்பட்டபோது ஓர் அறைக்கு 20 மாணவர் என்ற வரையறை இருந்தது; மற்றவர்கள் சுழற்சி முறையில் வந்தனர். இவ்வாறு பிரிக்கும்போது பதிவேட்டு எண் வரிசையைப் பின்பற்றுவது எளிது என்றாலும், ஊர்வாரியாகப் பிரிப்பதே உண்மையில் பயன் தரும். ஒரே டவுன் பஸ்ஸில் நெருங்கி நின்று வரும் பிள்ளைகள் ஒரே பிரிவில் இருந்தால், அவர்களுள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் தொடர்பில் இருந்தவர்களை அன்றே கண்டறிய முடியும்; அண்ணன் தங்கைகளும் ஒரே நாளில் வந்து போவார்கள்.

வெயிலில் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளையின் நெற்றியில் உடனே வெப்பமானியைப் பிடித்தால் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், சிறிது நேரம் நிழலில் அமரவைத்த பிறகே பார்க்க வேண்டும். எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றும் சத்துணவு வேளைதான் பள்ளி நாளில் மிகவும் கவனம் தேவைப்படும் நேரம்: வகுப்புகளை வெவ்வேறு நேரத்தில் அனுப்பி, தாழ்வாரத்தில் இடைவெளி விட்டு, எதிரெதிராக அல்லாமல் ஒரே திசை நோக்கி உட்காரவைப்பது நல்லது.

காய்ச்சலுடன் இருக்கும் பிள்ளையைக் காற்றோட்டமான தனி இடத்தில் ஓர் ஆசிரியரின் துணையோடு வைத்து, பெற்றோரை அழைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் சில பள்ளிகளில் அடுத்தடுத்துத் தொற்று கண்டறியப்பட்டதை இங்குள்ளோர் அறிவர். நோயுற்ற பிள்ளையின் பெயர் ஊரில் பரவினால் அடுத்த வீட்டார் காய்ச்சலை மறைப்பார்கள். எனவே அப்பெயர் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், சுகாதாரப் பணியாளர் ஆகியோரைத் தாண்டக் கூடாது. பெற்றோர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்க, தாத்தா பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளின் வீடுகளில் முதியோர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா என்பதை ஆசிரியர்கள் கேட்டறிவது அந்தப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

இத்தனையும் செய்த பின்னும் வராத பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களே இந்த வேலையில் மிகப் பெரிய பொறுப்பு. முதல் வார முடிவில் வராதோர் பட்டியலை ஊர்வாரியாக எழுதி, அந்தந்த ஊரைச் சேர்ந்த மேலாண்மைக் குழு உறுப்பினருடன் ஆசிரியர் ஒருவர் மாலையில் வீடு தேடிச் செல்ல வேண்டும். பகலில் போனால் பெற்றோர் நடவிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். பிள்ளை கூலி வேலைக்குச் சென்றிருக்கலாம், செல்பேசி இல்லாமல் பாடம் விட்டுப்போன வெட்கத்தில் ஒதுங்கியிருக்கலாம். வெட்கப்படும் பிள்ளையிடம், முதல் மாதம் தேர்வு எதுவும் கிடையாது, வாசிப்பும் கணக்கும் தொடக்கத்திலிருந்து நடத்தப்படும் என்று ஆசிரியரே உறுதி சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். பெண்பிள்ளைக்குத் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் தயங்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று முறை வீடு சென்றும் வராத பிள்ளையின் பெயரைக்கூடப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் வைத்திருந்து, நடவு முடிந்ததும் ஒரு முறை, அறுவடை முடிந்ததும் ஒரு முறை மீண்டும் சென்று அழைக்க வேண்டும்.