வீட்டுப் படத்தைக் கையில் வாங்கும் முன்: மலையில் நூலகக் கண்காட்சி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் மக்களையும் பண்பாட்டையும் பற்றிக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று ஏதேனும் ஒரு பல்கலைக்கழக நூலகம் அடிக்கடி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வருகிறது. வருபவர்களை வீடுகளுக்கு அழைத்துச் செல்வதும், பொருள்களைப் பட்டியலிடுவதும், காட்சிப் பேழைகளை அடுக்குவதும் நெடுநாளாக நான் பார்த்துவரும் வேலை. இப்போது வரும் இளம் நூலகர்களிடமும் முதுகலை மாணவர்களிடமும் ஆர்வத்துக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. ஆனால், இத்துறைக்கு நாங்கள் வந்த புதிதில் என்னென்ன பிழைகள் நடந்தனவோ அவையே வரிசை மாறாமல் திரும்ப நடப்பதைப் பார்க்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. அழைப்பிதழில் பெயர் விடுபடுவது, ஒலிபெருக்கி மக்கர் செய்வது, தலைமை விருந்தினர் தாமதமாக வருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒரு நாள் சங்கடத்தோடு முடிந்துவிடும். ஒருமுறை நடந்துவிட்டால் எவராலும் சரிசெய்ய முடியாதவற்றைப் பற்றியே இந்தக் கட்டுரை.

சன்னலோர மேசை

மலையில் வெயில் இதமாக இருப்பதால் அது பொருள்களுக்குத் தீங்கு செய்யாது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறானது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 விழுக்காடு என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே குளிர்காற்று வீசும் தெளிந்த நாளில் சன்னல் வழியே விழும் வெளிச்சம், சமவெளியில் விழுவதைவிடப் பழைய காகிதத்துக்கும் துணிக்கும் கொடியது.

புகைப்படம், கையெழுத்துத் தாள், சாயமிட்ட துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே போதும் என்பது காப்பகத் துறையில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. வெளிச்சத்தால் வரும் சேதம் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகுமே தவிர, பொருளை இருட்டில் எடுத்து வைத்தால் மீண்டு வராது. 5,000 லக்ஸ் விழும் சன்னலோரத்தில் ஒரு பகல் முழுவதும் கிடப்பது, 50 லக்ஸில் நூறு பகல் கிடப்பதற்குச் சமம். படங்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சன்னலோரத்தில் மேசை போடுபவர்கள், நூறு நாள் சேதத்தை ஒரே நாளில் வரவழைக்கிறார்கள். தடித்த திரை போடுங்கள். மேசையை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். பார்வையாளர் இல்லாத நேரத்தில் பேழையின் மேல் ஒரு துணியை விரித்து மூடுங்கள்.

பனியும் கூட்டமும்

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடுபனி உள்ளே நுழையும் என்று சன்னலை அடைப்பவர்கள், அதே அறையில் நூறு பேரை உட்கார வைத்துத் தொடக்க விழா நடத்துகிறார்கள். அந்த நூறு பேரின் மூச்சிலும் நனைந்த கம்பளி உடையிலும் இருந்து வரும் ஈரம் எங்கே போகும்? பேழைக் கண்ணாடியின் மேல் முத்து முத்தாகப் படிவதைப் பின்வரிசையில் நின்று பார்த்தாலே தெரியும். விழாவை வேறு அறையில் வையுங்கள். குத்துவிளக்கை வாசலில் ஏற்றுங்கள். எண்ணெய்ப் புகை சுவடிக்கும் படத்துக்கும் ஆகாது. வெளிச்சுவரை ஒட்டிப் பேழையை வைக்காமல், பின்னால் காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பேழைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதோடு கடமை முடிவதில்லை. அதை மாற்றிக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும்.

தேதி

மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் வேண்டாம், சுற்றுலாக் கூட்டத்தில் சாலை கிடைக்காது.

லேமினேஷன்

எந்தப் பழைய தாளுக்கும் கூடாது.

சீட்டில்லாமல் வாங்கும் வீட்டுப் பொருள்

மற்ற எல்லாவற்றையும்விட என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான். ஆகவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, இலங்கையின் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் பல குடும்பங்கள் நீலகிரிக்கு வந்தன. அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் தமிழ்நாடு அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று டான்டீ என்று எல்லோரும் அழைக்கும் அரசுத் தேயிலை நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் வட்டாரங்களின் லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இன்றும் தகரப் பெட்டிக்குள் குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் கடிதங்களும் புகைப்படங்களும் பாலித்தீன் உறையில் சுற்றிய நிலையில் இருக்கின்றன. கண்காட்சிக்கு இவற்றைவிடச் சிறந்த பொருள் கிடைக்காது என்பது உண்மையே. அதனால்தான் எல்லோரும் இந்த வீடுகளுக்கு வருகிறார்கள்.

ஒருமுறை சமவெளியிலிருந்து வந்த ஒரு நூலகத்தின் குழு, கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, அந்த வீட்டு அம்மா நம்பிக்கையோடு எடுத்துக் கொடுத்த உறையை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து ஏறியது. பெற்றுக்கொண்டதாக ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. உள்ளே என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்க்கவும் இல்லை. அவற்றில் ஒன்று, இலங்கையின் ஹட்டன் பட்டணத்து ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். அதன் பின்பக்கத்தில் அந்த அம்மாவின் தகப்பனார் பென்சிலால் பிள்ளைகளின் பெயர்களையும், ஒவ்வொருவரும் எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள் என்பதையும் எழுதி வைத்திருந்தார். தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவரின் எழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி அழுத்தி எழுதியதால், முன்பக்கத்தில் விரலால் தடவினாலே மேடு தெரியும்.

குழுவினர் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தார்கள். பிறகு அசலையே இருபக்கப் பசை நாடாவால் அட்டைப் பலகையில் ஒட்டினார்கள். கண்காட்சி முடிந்து பலகையிலிருந்து உரித்தபோது, படத்தின் பின்தோல் நாடாவோடு போய்விட்டது; தகப்பனார் எழுதியவற்றில் ஒரு பெயரின் பாதி மட்டும் மிஞ்சியது. பேத்தியின் சாதிச் சான்றிதழுக்காகப் பழைய தாள்கள் தேவைப்பட்டபோதுதான் அந்த அம்மா உறையைத் திரும்பக் கேட்டார். கண்காட்சியை நடத்திய கௌரவ விரிவுரையாளர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருந்தார். பல முறை தொலைபேசியில் பேசி, கடைசியில் ஓர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து உறை வெளிவந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்த அம்மா, "சார், அப்பா எழுதினது எங்கே?" என்று கேட்டார். உறையைக் கொண்டுவந்தவர், "படம் நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. படத்தின் முகங்கள் அப்படியேதான் இருந்தன. ஆனால் அந்த முகங்கள் யாருடையவை என்று சொல்ல அந்த வீட்டில் எஞ்சியிருந்த ஒரே சாட்சி, ஒரு முழம் பசை நாடாவோடு குப்பைக்குப் போய்விட்டது.

எனவே, வீட்டுப் பொருளைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் விதி, அசலை வீட்டை விட்டு வெளியே எடுக்காமல் இருப்பது. ஒரு சிறிய ஸ்கேனரும் மடிக்கணினியும் இருந்தால் திண்ணையிலேயே வேலை முடிந்துவிடும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், முன்பக்கம், பின்பக்கம், உறை, உறையின் மேல் எழுதியது எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர்களில் மின்னேற்றிய மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும். வீட்டாரிடம் படத்தைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வதையும் அதே அமர்வில் முடித்துவிடுங்கள். பெரிதாக அச்சிட்ட நகலை வைத்தால் மக்கள் வரமாட்டார்கள் என்று ஒவ்வொரு குழுவும் என்னிடம் வாதாடுகிறது. நான் பார்த்தவரையில், நகலின் அருகில்தான் கூட்டம் அதிகம் நிற்கிறது. முதியவர்கள் கிட்டே போய், முகத்தின் மேல் விரல் வைத்து, "இது எங்க மாமா" என்று சொல்வது, தொடக்கூடாத அசல் கண்ணாடிக்குள் இருக்கும்போது நடப்பதில்லை.

அசலை எடுத்துப் போயே தீரவேண்டும் என்ற நிலை வந்தால், இரண்டு பிரதியாகச் சீட்டு எழுதுங்கள். பொருளின் பெயர், நீள அகலம், ஏற்கெனவே உள்ள கிழிசலும் கறையும், திருப்பித் தரும் தேதி ஆகியவற்றை வீட்டார் முன்னிலையில் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பொறுப்பாளர் இடத்தில் ஆளின் பெயர் மட்டும் போதாது. பதவியும், நூலகத்தின் நிலையான தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும், ஏனெனில் ஒப்பந்தப் பணியாளர்கள் மாறிவிடுவார்கள். கண்காட்சியில் வைக்க அனுமதி தந்தவர் இணையத்தில் போடவும் அனுமதி தந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைத் தனி வரியாகக் கேளுங்கள். குடும்ப அட்டை, பாஸ்போர்ட் போன்றவை அந்தக் குடும்பம் இன்னும் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் தாள்கள். அவற்றின் அசலை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். காட்சியில் பொருத்துவதற்குப் பசையும் குண்டூசியும் வேண்டாம். படத்தின் நான்கு முனைகளையும் தாங்கும் காகித முனை உறைகள் போதும்.

பெயரில்லாத படக்குறிப்பு

1870களில் இங்கே எடுக்கப்பட்ட படங்களில் உள்ளவர்களின் பெயர்களைப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. "தோடர் பெண்" என்றோ "கோத்தர் ஆண்" என்றோ மட்டுமே இருக்கும். சென்ற ஆண்டு எடுத்த படத்துக்கும் அதே போலக் குறிப்பு எழுதுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பழங்குடிகளையும் ஒரே பலகையில் "மலைவாழ் மக்கள்" என்று கலந்து வைப்பதும் இதே வகைப் பிழை. ஊர், ஆளின் பெயர், படம் எடுத்த ஆண்டு, தந்தவர் யார் என்பதை, அவர்கள் சம்மதித்த அளவுக்கு எழுதுங்கள். குறிப்பை அச்சுக்கு அனுப்புமுன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டினால் பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

சடங்கை மேடையேற்றுவது

கோத்தர் இசையில் தெய்வ வழிபாட்டுக்குரியது வேறு, இறப்புச் சடங்குக்குரியது வேறு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வாசிப்பதில்லை. தொடக்க விழாவுக்கு "ஏதாவது வாசியுங்கள்" என்று கடைசி நேரத்தில் கேட்பது, அந்தக் கலைஞர்களை அவர்களுடைய ஊருக்கு முன் சங்கடத்தில் நிறுத்துவதாகும். தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பின் அந்தச் சிவப்பு, கறுப்பு நூல் வேலையைக் காட்சிக்கு வைக்காத கண்காட்சியே இல்லை. ஆனால் தோடர் போர்த்தும் புத்துக்குளி, இறந்தவரின் உடலைச் சுற்றவும் பயன்படும் துணி. அதை மேசை விரிப்பாக்கி அதன் மேல் பூச்சாடி வைத்த ஒரு மண்டபத்தில், பார்க்க வந்த தோடர் பெண்கள் பேசாமல் வெளியேறியதை நான் கண்டிருக்கிறேன். எதை எங்கே வைக்கலாம் என்று முதலிலேயே ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்; அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

திருப்பித் தரும் பயணம்

மதிப்பீட்டுத் திட்டத்தில் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் தொகை ஒதுக்குகிறவர்கள், பொருளைத் திருப்பிக் கொண்டுபோகும் ஜீப் வாடகையை மறந்துவிடுகிறார்கள். கண்காட்சி முடிந்த மறுநாளே பொருள்கள் புறப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் நாள் கணக்கில் தள்ளிப்போகும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். வாங்கியவரே நேரில் போய், சீட்டின் இரு பிரதிகளையும் எதிரெதிரே வைத்து, பொருளை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கிய பிறகே நூலகத்தின் பதிவேட்டில் அந்தக் கண்காட்சி முடிந்ததாகக் குறிக்க வேண்டும்.