அம்மாவின் மார்பகக் கட்டி: ஆபரேஷன் தேதிக்கு முன்பே கேட்க வேண்டியது

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு மார்பகப் புற்றுநோய்க் கட்டி என்றாலும் ஃபைலோடு என்னிடம் வந்துவிடுவார்கள். ரேடியேஷன் வார்டில் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். "ஆபரேஷனுக்கு அப்புறம் ரேடியேஷனுக்கு எழுபது வயசு அம்மாவை மூணு வாரம் தினமும் எப்படிக்கா கூட்டிட்டுப் போறது?" என்பார்கள்.

ஆபரேஷன் தியேட்டரிலேயே ஒரே தடவையில் கதிர்வீச்சு கொடுக்கும் முறை உண்டு. மார்பகத்தை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுப்பவர்களுக்குத்தான் இது. கட்டி சின்னதா, அக்குள் நெறியில் (நிணநீர் முடிச்சில்) நோய் இல்லையா, ஈஆர் பாசிட்டிவா, அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் கட்டியா என்று பார்ப்பார்கள். அதனால் பயாப்சி ரிப்போர்ட், கட்டியின் வகையைச் சொல்லும் ஈஆர்-பிஆர்-ஹெர்2 ரிப்போர்ட், மேமோகிராம் ஃபிலிம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, சர்ஜனையும் ரேடியேஷன் டாக்டரையும் தேதி குறிக்கும் முன்பே பாருங்கள்.

கட்டியை எடுத்த குழிக்குள் எலுமிச்சம்பழம் போன்ற உருண்டை முனையை வைத்து, சுற்றியுள்ள சதை அதோடு ஒட்டும்படி நூலால் இழுத்துக் கட்டுவார்கள். உருண்டையைத் தொடும் சதைக்கு 20 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). 20 முதல் 30 நிமிடம். பிறகு அதை எடுத்துவிட்டுத் தையல். உடம்பில் கதிர்வீச்சு தங்காது, பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். தையல் பக்கம் நீர் கோர்த்து வீங்கினால் மட்டும் உடனே காட்டுங்கள்.

ஒன்றை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடுத்த கட்டியின் ரிப்போர்ட் பிறகுதான் வரும். அதில் நெறியிலும் நோய் என்பது போல ஆபத்தான அறிகுறி இருந்தால் வெளியிலிருந்தும் ரேடியேஷன் வேண்டும். இந்த முறையை வழக்கமான ரேடியேஷனோடு ஒப்பிட்ட டார்கிட்-ஏ ஆய்வில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அப்படி ஆனது. இந்த முறையில் 5 வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது நூறில் 2 பேருக்கு. வழக்கமான முறையில் 1.

இந்த மெஷின் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அதைத் தேடி ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். வெளியிலிருந்தே 26 கிரேயை 5 நாளில் முடிக்கும் முறை இருக்கிறது. எனக்குக் கேட்டால் பலருக்கு அதுவே போதும். 65 வயது தாண்டி, கட்டி 3 சென்டிமீட்டருக்குள், நெறி சுத்தம், ஹார்மோன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்றால் ரேடியேஷனே வேண்டாம் என்றுகூட டாக்டர் சொல்லலாம். அப்படி விட்டவர்களில் 10 வருடத்தில் நூறில் 9, 10 பேருக்கு அதே மார்பில் திரும்பியது. ரேடியேஷன் எடுத்தவர்களில் 1. ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கணக்கை அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.