திறந்த தரவைக் கையில் எடுப்பது எப்படி? முதல் கோப்பைத் திறப்பவருக்கு

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகத்தில் அந்த வாரத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அதில் 89 காலரா இறப்புகள் இருந்தன, அவற்றில் 83 கடைசி மூன்றே நாளில் நடந்தவை. முகவரிகளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பார்த்தபோது, கிட்டத்தட்ட எல்லா வீடுகளும் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே இருந்தன. செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

அந்தப் பட்டியல் காலராவை ஆராய எழுதப்பட்டதல்ல. இறந்தவர்களைப் பதிய வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. வேறொருவர் வேறொரு கேள்வியோடு திறந்து பார்த்ததால்தான் அதற்குப் புதுப் பயன் கிடைத்தது. அரசும் பொது அமைப்புகளும் சேர்த்து வைத்திருக்கும் தரவை, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இன்று அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் தரவுத் தளம் 2009இலும், பிரிட்டனுடையது 2010இலும், இந்தியாவுடையது 2012இலும் வந்துவிட்டன. சரி, தொடங்கலாம்.

படி 1: கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் கோப்பைத் தேடாதீர்கள். “குடிநீர் பற்றிப் பார்க்க வேண்டும்” என்பது ஆர்வம்தான், கேள்வி ஆகாது. “பழுதாகி ஒரு மாதத்துக்கு மேல் சரிசெய்யாத அடிகுழாய்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன?” என்பது கேள்வி. அதற்குக் கீழே இன்னொரு வரி: விடை கிடைத்தால் யார் அதை வைத்து என்ன செய்வார்கள்? அந்த வரி காலியாக இருந்தால் கேள்வியை மாற்றுங்கள்.

படி 2: உரிமத்தைப் பாருங்கள்

இணையத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் திறந்த தரவு அல்ல. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மறுபடி பகிரலாம் என்று வெளியிட்டவரே சொல்லியிருக்க வேண்டும். மூலத்தைக் குறிப்பிடு, மாற்றியதையும் இதே உரிமத்தில் வெளியிடு என்ற இரண்டு நிபந்தனைகளைப் போடலாம், அதற்கு மேல் போனால் அது திறந்த தரவு இல்லை. சிசி0 (நிபந்தனை எதுவும் இல்லை), சிசி பை (மூலத்தைக் குறிப்பிட வேண்டும்), யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பயன்படுத்தும் ஓடிபிஎல் (இரண்டு நிபந்தனைகளும் உண்டு) ஆகிய உரிமங்களை அடிக்கடி பார்ப்பீர்கள். எந்த உரிமமும் குறிப்பிடவில்லை என்றால் வெளியிட்டவருக்கு எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் கோப்பின் வடிவம். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010இல் இதற்கு ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்று வைத்தார். திறந்த உரிமத்தோடு பிடிஎஃப் போட்டால் ஒரு நட்சத்திரம், எக்செல் என்றால் இரண்டு, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய, எந்த மென்பொருளிலும் திறக்கிற சிஎஸ்வி என்றால் மூன்று. முதல் முயற்சிக்கு மூன்று நட்சத்திரக் கோப்பாகத் தேடுங்கள். பிடிஎஃப்பிலிருந்து அட்டவணையைப் பிய்த்தெடுப்பது தனி வேலை, அதை இப்போது தொட வேண்டாம்.

படி 3: எண்ணும் முன் வாசியுங்கள்

இறக்கிய கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து ‘மூலம்’ என்ற கோப்புறையில் வையுங்கள். அதில் கை வைக்கவே கூடாது. வேலையெல்லாம் இன்னொரு பிரதியில்தான்.

இப்போது முதல் ஐம்பது வரிசைகளைக் கண்ணால் வாசியுங்கள். பலரும் தாண்டிப் போகிற இந்த இடத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. எடுத்துக்காட்டுக்காக அடிகுழாய் ஆய்வுக் கோப்பு ஒன்றின் நான்கு வரிசைகளை நானே எழுதியிருக்கிறேன்:

குறியீடு, இடம், ஆய்வு நாள், நிலை, ஆழம்
0412, கிழக்குப்பகுதி, 03/04/2022, இயங்குகிறது, 31
0412, கிழக்குப் பகுதி, 11/04/2022, பழுது, 31
0530, ஆற்றங்கரை, 2022-04-15, இயங்குகிறது, -99
0611, மேட்டுத்தெரு, 19/04/2022, , 0

எக்செல்லில் நேராகத் திறந்தால் 0412 என்பது 412 ஆகிவிடும். அது அளவு அல்ல, அடையாளம். அதனால் அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று சொல்லித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தால், அதே இடத்தில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கிழக்குப்பகுதியும் கிழக்குப் பகுதியும் நமக்கு ஒன்று. நடுவில் ஓர் இடைவெளி இருப்பதால் கணினிக்கு இரண்டு ஊர்.

03/04 என்றால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? இரண்டாவது வரிசையிலும் விடை இல்லை. நான்காவதில் 19/04 வருகிறது. 19ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது. ஆக, இந்தக் கோப்பில் நாள்தான் முதலில். ஒரு வரிசையின் சந்தேகத்தை இன்னொரு வரிசை தீர்த்து வைக்கும், அதனால்தான் வாசிக்கச் சொல்கிறேன்.

-99 என்பது ஆழம் அல்ல, ‘தெரியவில்லை’ என்பதற்கான குறி. நான் ஒருமுறை மழையளவுக் கோப்பு ஒன்றில் இதைக் கவனிக்காமல் சராசரி எடுத்துவிட்டேன். மழை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதால் தப்பு உடனே தெரிந்தது. தரவு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் நம்பும்படியான ஒரு தப்பான எண் வந்திருக்கும், அதை நானும் வெளியிட்டிருப்பேன். கடைசி வரிசையில் நிலை காலியாக இருக்கிறது. காலி என்றால் பழுது என்று பொருளில்லை, இயங்குகிறது என்றும் பொருளில்லை. அதைத் தனியாகவே எண்ணுங்கள்.

முடித்ததும் மொத்த வரிசைகளின் எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிடுங்கள். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டுப்போயின. பழைய எக்செல் வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது என்பதுதான் காரணம். அந்த ஆட்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

படி 4: எண்ணுங்கள், பிறகு பொருந்தாதவற்றைத் தேடிப் போங்கள்

வரிசைகளைத் தொகுத்து எண்ணித் தரும் எக்செல்லின் பைவட் அட்டவணையில் இடத்தை வரிசையிலும் நிலையைத் தலைப்பிலும் இழுத்து விட்டால், எங்கே எத்தனை பழுது என்று ஒரு நிமிடத்தில் வந்துவிடும். வெறும் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள். நூறு குழாய்களில் பத்து பழுதானதும், பன்னிரண்டில் பத்து பழுதானதும் ஒன்றல்ல.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்னோவின் பட்டியலில் பத்து இறப்புகள் மட்டும் வேறு குழாய்க்குப் பக்கத்து வீடுகளில் நடந்திருந்தன. அவற்றைப் ‘பிழை’ என்று ஒதுக்காமல் விசாரித்தார். ஐந்து குடும்பங்கள், அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று பிராட் தெருவிலிருந்தே வரவழைத்துக் குடித்தவை. மூன்று பேர் அந்தக் குழாய்க்கு அருகே பள்ளிக்குப் போன குழந்தைகள். எதிர்ப்பக்கமும் பார்த்தார். குழாயின் அருகிலேயே இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தும் ஒருவரும் இறக்கவில்லை. அங்கே தனிக் கிணறு இருந்தது, குடிக்க ஆலையின் மதுவும் கிடைத்தது. அந்தக் குழாய்த் தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்ற அவருடைய வாதத்தை எதிர்த்து நின்ற வரிசைகளே அதற்குப் பலமான சான்றுகளாயின. வரைபடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்று பலர் சொல்வார்கள். புகழ்பெற்ற அந்த வரைபடத்தை அவர் வரைந்தது பிற்பாடு, மற்றவர்களுக்கு விளக்குவதற்காக.

உங்கள் கோப்பிலும் ஓர் இடம் மட்டும் தனித்து நின்றால் அதை நீக்காதீர்கள். அங்கே இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

படி 5: வெளியிடும் முன் ஆட்களை நினையுங்கள்

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் சேர்த்தாலே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என்று, 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி காட்டினார். பெயர் நீக்கிய மருத்துவப் பதிவுகளிலிருந்து ஒரு மாநில ஆளுநரின் பதிவையே கண்டெடுத்தார். ஆகவே தேதிக்குப் பதில் ஆண்டு, தெருவுக்குப் பதில் வட்டாரம் என்று பொதுவாக்கிக் கொடுங்கள். அட்டவணையில் ஒருவர், இருவர் என்று மட்டும் எண்ணிக்கை வரும் கட்டங்களை மறைத்துவிடுங்கள். குழாயின் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லலாம், நோயாளியின் வீட்டைச் சொல்லக் கூடாது.

படி 6: திருப்பிக் கொடுங்கள்

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகரின் விரிவான தெருப் படம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லை. செயற்கைக்கோள் படங்கள் திறந்து விடப்பட்டதும், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே தெருத்தெருவாக வரைந்து சேர்த்தார்கள். மீட்புக் குழுக்கள் அந்தப் படத்தைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டன. எடுத்தவர்கள் திருப்பிச் சேர்த்தால் தரவு வளரும்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது ஒரு கடிதம். தரவை வெளியிட்டவருக்கு எழுதுங்கள்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரிசை, அதில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், எப்படித் தெரியும். “உங்கள் தரவில் நிறையத் தப்பு” என்று எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. “0412க்கு இடத்தின் பெயர் இரண்டு விதமாக வருகிறது” என்று எழுதினால் ஐந்து நிமிட வேலை.

பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருத்திய கோப்பையும், என்னென்ன மாற்றினீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பையும், உரிமத்தையும் மூலத்தின் பெயரையும் சேர்த்து வெளியிடுங்கள். கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். 2022-04-30 என்று, ஆண்டு முதலில் வரும்படி.