மறைத்து எடுத்துச் செல்லச் சரிப்படாத கைத்துப்பாக்கிகளை முதலில் கழித்துவிடுங்கள்

அமெரிக்காவில் ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் எது நல்லது என்றுதான் கேட்கிறார்கள். எது சரிப்படாது என்று கேளுங்கள், கடைக் கண்ணாடிக்குள் இருப்பதில் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

அதற்கு முன்னால் சட்டம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம், ஆனால் எல்லை தாண்டி நியூ மெக்சிகோவுக்குள் போனால் விதி வேறு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. இதில் விளையாடாதீர்கள்.

சரி, பெரியவை. .50 அங்குலத் தோட்டா போடும் டெசர்ட் ஈகிள் கைத்துப்பாக்கி ஏறக்குறைய 2 கிலோ, நீளம் 27 செ.மீ., அவ்வளவு சுமந்தும் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 7 தோட்டாதான். ஸ்மித் அண்ட் வெஸன் 500 ரிவால்வரில் ஐந்து. இவை வேட்டைக்கும் சுடுதளத்துக்கும்தான், இடுப்புக்கு இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம்மைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழல் இல்லை, பிடி. குழல் கால்சட்டைக்குள் இறங்கிவிடும், பிடிதான் பெல்ட்டுக்கு மேலே நின்று, குனியும்போது சட்டையில் புடைத்துக்கொண்டு தெரியும். அதனால் பெரெட்டா 92 மாதிரி தடித்த, நீளப் பிடி உள்ள துப்பாக்கி எவ்வளவு நம்பகமானதாக இருந்தாலும் மெல்லிய சட்டைக்குள் அடங்காது, குட்டைக் குழல் பார்த்து வாங்குவதைவிடக் குட்டைப் பிடி பார்த்து வாங்குவதே மேல்.

அப்புறம் எதிர்ப்பக்கம், என் கணக்கில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்: மிகச் சிறியவை. "முதல் துப்பாக்கி, சின்னதாக இருக்கட்டும்" என்று கடைக்காரரே எடுத்து நீட்டுவார். ஸ்மித் அண்ட் வெஸன் 340பிடி ரிவால்வர் தோட்டா இல்லாமல் 350 கிராம்கூட இருக்காது, அதில் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டா போட்டுச் சுட்டால் அந்த உதைப்பைத் தாங்க எடையே இல்லாததால் முழுவதும் உள்ளங்கையில்தான் இறங்கும், சில குண்டுகளிலேயே கை கெஞ்சும், அதன்பின் யாரும் பயிற்சிக்கே போவதில்லை. பயிற்சி இல்லாமல் இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. பெரும்பாலான .22 குட்டி ரிவால்வர்களிலும் டெரிஞ்சர் எனும் உள்ளங்கை அளவுத் துப்பாக்கிகளிலும் ஒவ்வொரு முறையும் ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும், பிடிக்க இரண்டு விரலுக்கு மேல் இடமும் இருக்காது, கை நடுங்கும் நேரத்தில் அது நடக்கிற காரியமா?

பழைய பாணி கௌபாய் ரிவால்வர்களையும் விடுங்கள். 1873 கோல்ட் வடிவத்தில் ஹேமர் இறங்கியிருந்தால் அதன் முனை நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடித்துவிடலாம். அதனால்தான் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறை மேல் ஹேமரை இறக்கி வைப்பார்கள். ரூகர் நிறுவனம் 1973இல் டிரான்ஸ்ஃபர் பார் (டிரிகரை இழுத்தால் மட்டுமே ஹேமரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் தகடு) வைத்த பிறகு அந்த வகையில் இந்தக் கவலை குறைந்தது. எந்தத் துப்பாக்கியானாலும், விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு உள்ளே இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மிஞ்சுவது நடுத்தரம்: கிளாக் 19, சிக் பி365 போன்றவை. அதிலும் உடனே பணம் கட்டாதீர்கள். வாடகைக்குத் தரும் சுடுதளத்தில் குறைந்தது 50 குண்டு சுட்டுப் பாருங்கள், கடைசிப் பத்தும் முதல் பத்தைப் போலவே இலக்கில் விழ வேண்டும். அந்த மாடலுக்கென்றே செய்த, டிரிகரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் (இடுப்பு உறை) கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் அந்தத் துப்பாக்கியே வேண்டாம். வாங்கிய பிறகு மேகசினைக் கழற்றி, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துவிட்டு, தினம் போடுகிற பெல்ட்டும் சட்டையுமாக வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க அணிந்திருங்கள். குனியுங்கள், மேல் அலமாரிக்குக் கை நீட்டுங்கள், கார் சீட்டில் பெல்ட் போட்டு உட்காருங்கள். ஒரே நாளில் பத்துத் தடவை அதைச் சரிசெய்ய இடுப்புக்குக் கை போனால், அதை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.