பழைய யுகுலேலே கையில கிடைச்சா: யார் செஞ்சது, எப்போ செஞ்சது, என்ன விலை போகும்

எடுத்ததும் ஒண்ணு சொல்லிடறேன். பழைய யுகுலேலே (கிட்டார் மாதிரி, நாலு கம்பி வச்ச சின்ன ஹவாய் வாத்தியம்) ஒண்ணு கையில வந்தா உடனே துடைக்காதீங்க, பாலிஷ் போடாதீங்க, எதையும் கழட்டாதீங்க. நான் முதல் முதல்ல வாங்கின பழசுல கம்பிய முறுக்கற மரப் பெக் நாலும் இறுகிப்போய் சுத்தவே இல்ல, சரி புதுசா கியர் வச்ச ட்யூனர் போட்டுக்கலாம்னு பெக் மாட்டற தலைப் பகுதில இருந்த ஓட்டையெல்லாம் பெருசாக்கிட்டு பழச தூக்கிப் போட்டுட்டேன். அது அமெரிக்காவோட மார்ட்டின் கம்பெனி 1920 வாக்குல செஞ்சதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அது எந்தக் காலத்துதுன்னு சொல்றதுக்கு இருந்த நல்ல சாட்சியே அந்த நாலு பெக்தான், விலையில பாதிக்கு மேல அந்த ஓட்டையிலயே போயிடுச்சு. இன்னைக்கும் அத எடுத்து வாசிக்கறப்ப மனசு வலிக்கும். அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதறேன்.

கதை தெரிஞ்சாதான் காலத்தக் கண்டுபிடிக்க முடியும், அதனால சுருக்கமா. 1879 ஆகஸ்ட் 23 அன்னைக்கு ரேவன்ஸ்க்ராக்னு ஒரு கப்பல் போர்ச்சுகலோட மடைரா தீவுலேர்ந்து ஹொனலுலுவுக்கு கரும்புத் தோட்டத்து வேலைக்கு ஆளுங்கள ஏத்திட்டு வந்துச்சு. அதுல மானுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோன்னு மூணு மர வேலைக்காரங்க. அவங்க ஊர் வாத்தியமான மஷேட்டத்தான் ஹவாய்ல வளர்ற கோவா மரத்துல செய்ய ஆரம்பிச்சு அது யுகுலேலேவா ஆச்சு, மன்னர் கலாகவாவும் அரண்மனையிலயே அத வாசிக்க வச்சார். அப்புறம் 1915ல சான் ஃபிரான்சிஸ்கோல நடந்த பனாமா பசிபிக் கண்காட்சில ஹவாய் அரங்கத்துல வாசிச்சதக் கேட்டு அமெரிக்காவே பைத்தியமாயிடுச்சு. 1920கள் முழுக்க அந்த அலைதான். அடங்கிப் போனது திரும்ப 1950 வாக்குல டிவில ஆர்தர் காட்ஃப்ரி வாசிக்க ஆரம்பிச்சப்புறம் இன்னொரு தடவ கிளம்புச்சு. உங்க கையில இருக்கறது இந்த ரெண்டு அலையில ஏதோ ஒண்ணுலதான் பிறந்திருக்கும், பெரும்பாலும்.

இப்ப வாத்தியத்த எடுங்க. எல்லாரும் தலையில பேர் இருக்கான்னுதான் முதல்ல பாப்பாங்க, நான் சொல்றது முதல்ல சவுண்ட் ஹோலுக்குள்ள, அதாவது முன்பலகைல இருக்கற ஓட்டைக்குள்ள பாருங்க. போன் டார்ச்ச ஒரு பக்கமா சாய்ச்சு அடிச்சு, போன் கேமராவாலயே உள்ள போட்டோ எடுங்க, கண்ணுக்குத் தெரியாத மங்கின எழுத்து கூட போட்டோவ கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏத்தினா வந்துடும். காகித லேபிள் இருக்கலாம், மரத்துல சூடு வச்ச முத்திரை இருக்கலாம், லேபிள் உதிர்ந்து போயிருந்தா அது ஒட்டியிருந்த இடம் மட்டும் வேற நிறமா தெரியும். அந்த நிழலோட அளவும் வடிவமும் கூட ஒரு துப்புதான்.

லேபிள்ல வருஷம் போட்டிருந்தா அதுதான் செஞ்ச வருஷம்னு நம்பிடாதீங்க, இதுல விழாத ஆளே இல்ல. மார்ட்டின் தலையில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 1833ன்னு இருக்கும், அது கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். நூனெஸ் லேபிள்ல 1879ன்னு வந்தா அது அவர் கப்பல்ல வந்திறங்கின வருஷம். ஜோனா குமலேன்னு ஹொனலுலுல பெரிய அளவுல செஞ்ச ஒருத்தர், 1915 கண்காட்சில தங்க விருது வாங்கினத லேபிள்ல போட்டுட்டே இருந்தார், அதப் பாத்துட்டு 1915 மாடல்னு விக்கறவங்க ஏராளம். அந்த லேபிள் சொல்றது அது 1915க்கு முன்னாடி செஞ்சது இல்லங்கறது மட்டும்தான், பின்னாடி எத்தன வருஷம் வேணாலும் தள்ளியிருக்கலாம்.

உண்மையிலேயே உதவற துப்பு முகவரிலதான் இருக்கு. ஹொனலுலுன்னு போட்டு பக்கத்துல டி.ஹெச். அப்படின்னு ரெண்டு எழுத்து இருந்தா அது டெரிட்டரி ஆஃப் ஹவாய், அதாவது 1900லேர்ந்து 1959ல ஹவாய் மாநிலமா ஆகற வரைக்குமான காலம். முகவரில ஜிப் கோட் (அமெரிக்கால பின்கோடு மாதிரி) இருந்தா 1963க்கு அப்புறம்தான். மேட் இன் ஜப்பான்னு இருந்தா பெரும்பாலும் ரெண்டாவது அலைல வந்த மலிவு சரக்கு. இன்னொண்ணு, அமெரிக்கால இருக்கற தொழிற்சாலைங்க எல்லாம் ஹவாய் பேர போட்டு விக்க ஆரம்பிச்சதும் ஹவாய்க்காரங்க கடுப்பாகி அரச முத்திரையோட டாபுன்னு ஒரு மார்க் கொண்டு வந்தாங்க, நிஜமா ஹவாய்ல செஞ்சதுன்னு காட்ட. தலையோட பின்பக்கமோ உள்ளயோ அந்த முத்திரை இருந்தா சந்தோஷப்படலாம்.

அடுத்தது மரம். கோவாவத் திருப்பித் திருப்பி வெளிச்சத்துல பாத்தா பட்டுப்புடவைல ஓடற மினுமினுப்பு மாதிரி ஒரு ஓட்டம் இருக்கும், பொன்னிறத்துலேர்ந்து செம்பழுப்பு வரைக்கும் போகும். மஹோகனி அதவிட அடக்கமா ஒரே சீரா செம்பழுப்பா இருக்கும். பிர்ச் மரத்துல பெயின்ட் அடிச்சு மஹோகனி மாதிரி காட்டினதும் நிறைய உண்டு. ப்ளைவுட்டா முழு மரமான்னு தெரியணும்னா சவுண்ட் ஹோலோட ஓரத்த உத்துப் பாருங்க, மேல இருக்கற ரேகை அப்படியே கனத்துக்குள்ளயும் இறங்கினா முழு மரம், நடுவுல வேற நிறத்துல ஒரு அடுக்கு தெரிஞ்சா ப்ளைவுட். கையில எடுத்ததுமே நல்ல பழசு ஒரு காலி டப்பா மாதிரி லேசா இருக்கும், அத ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டா கை மறக்காது.

மார்ட்டின் பத்தி கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா விலை விஷயத்துல எல்லாரும் அதோட ஒப்பிட்டுத்தான் பேசுவாங்க. பென்சில்வேனியால நாசரேத்ங்கற ஊர்ல கிட்டார் செஞ்சவங்க, 1907ல கிட்டார் மாதிரியே ஸ்ப்ரூஸ் பலகை போட்டு உள்ள பலகையத் தாங்கற கட்டைய அதிகமா வச்சு சில யுகுலேலே செஞ்சு பாத்தாங்க, சத்தம் செத்துப் போய் யாரும் வாங்கல. 1916ல மஹோகனில லேசா செஞ்சு திரும்ப வந்தாங்க, பிடிச்சுக்கிச்சு. ஸ்டைல் 1, 2, 3ன்னு ஆரம்பிச்சு 1922ல அடிமட்டமா ஸ்டைல் 0, உச்சமா ஸ்டைல் 5ம் வந்துச்சு.

ஸ்டைல் நம்பர் எங்கயும் எழுதியிருக்காது, அலங்காரத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ஓரத்துல பட்டையே இல்லன்னா 0. முன்பக்க ஓரத்துல மட்டும் கருப்பு கலந்த பட்டை, ஆரம்பத்துல ரோஸ்வுட்ல வந்தது, அது 1. முன்னும் பின்னும் தந்த நிறத்துல செல்லுலாய்ட் பட்டை இருந்தா 2. ஃபிங்கர்போர்டு (கழுத்துல விரல் வைக்கற பலகை) சவுண்ட் ஹோல் வரைக்கும் நீண்டு 17 ஃப்ரெட் (அதுல குறுக்க பதிச்ச உலோகக் கம்பி) இருக்கு, நடுவுல கோடு ஓடுது, கருப்பு வெள்ளைன்னு பல வரி பட்டை இருக்குன்னா 3. மத்த சாதாரண சோப்ரானோல (சின்ன அளவு யுகுலேலேல) 12 ஃப்ரெட்தான், அதனால எண்ணிப் பாத்தாலே பாதி தெரிஞ்சுடும். சிப்பி ஓரம் ஜொலிச்சு கோவா மரத்துல சுருள் ஓடுச்சுன்னா அது 5கே (கேன்னா கோவா), நாற்காலில உக்காந்துட்டு அடுத்தவங்களுக்கு போன் போடுங்க. 1920 வாக்குலேர்ந்து 1, 2, 3லயும் கோவால செஞ்சது உண்டு, அதுக்கு மஹோகனியவிட விலை கூட.

வருஷத்துக்கு சீரியல் நம்பர் தேடாதீங்க, ஆரம்பத்துல கொஞ்சத்துக்கு மட்டும் போட்டுட்டு விட்டுட்டாங்க. முத்திரையத்தான் படிக்கணும். தலையோட பின்பக்கம் கம்பெனி பேர் அழுத்தியிருந்து முன்பக்கம் எழுத்தே இல்லன்னா 1930களோட ஆரம்பத்துக்கு முன்னாடி. முன்பக்கம் தங்க நிற ஸ்டிக்கர் எழுத்து இருந்தா அதுக்கு அப்புறம். உள்ள இருக்கற முத்திரைல மேட் இன் யூ.எஸ்.ஏ.ன்னும் சேந்திருந்தா 1960கள்லயோ அதுக்கு அப்புறமோ செஞ்சது. மரப் பெக் இருந்தா 1920களோட நடுப்பகுதி வரைக்கும், அப்புறம் திருகு வச்சு இறுக்கற பெக் வந்துடுச்சு. பாத்தீங்களா, நான் தூக்கிப் போட்டது எத.

இன்னொரு விஷயம், மார்ட்டின் செஞ்சு வேற கடை பேர்ல வித்ததும் உண்டு, டிட்சன்னு முத்திரை இருந்து இடுப்பு குறுகாம அகலமா இருந்தா அது நாசரேத்துல செஞ்சதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஹவாய்ல கமாகா 1916ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் குடும்பமா நடத்தறாங்க. சாமுவேல் கமாகா அன்னாசிப்பழம் மாதிரி இடுப்பே இல்லாத உருண்ட உடம்ப கொண்டு வந்து 1928ல காப்புரிமை வாங்கினார், பழசுல சிலதுல முன்னாடி அன்னாசி மாதிரியே பெயின்ட் அடிச்சிருப்பாங்க, அந்தப் பெயின்ட் தேயாம இருந்தா விலையே வேற. உள்ள தங்க நிற லேபிள் இருந்தா 1950களோட நடுவுலேர்ந்து 1960களோட கடைசி வரைக்கும், வெள்ளை லேபிள் அதுக்குப் பிந்தினது. தங்க லேபிளத்தான் வாசிக்கறவங்க தேடி அலையறாங்க, அந்த சத்தம் நிஜமாவே நல்லாருக்கும்.

சிகாகோல லியான் அண்ட் ஹீலி, ரீகல், ஹார்மனின்னு பெரிய தொழிற்சாலைங்க. ஹார்மனிய 1916ல சியர்ஸ் வாங்கினது, அதனால சூப்பர்டோன்னு பேர் இருந்தா அது சியர்ஸ் கேட்டலாக்ல வித்தது. ஹார்மனி லட்சக்கணக்குல செஞ்சதால சாதாரண மாடலுக்கு பெரிய விலை இல்ல, ஆனா பேரிக்காய் வடிவத்துல சவுண்ட் ஹோல் கடல் சிங்கம் மாதிரி வெட்டின ராய் ஸ்மெக் வீட்டா யுகேங்கற மாடல் வந்தா விடாதீங்க. கிப்சன், நேஷனல் ரெசனேட்டர் (சத்தத்துக்கு உள்ள உலோகக் கூம்பு வச்சது) எல்லாம் நல்ல விலைக்காரங்க. பிளாஸ்டிக்ல ஐலாண்டர்னு ஒண்ணு நிறைய கண்ணுல படும், கிட்டார் உலகத்துல பேர் போன மரியோ மக்காஃபெரி 1949ல கொண்டு வந்தது, விலை கம்மி ஆனா வாசிச்சா ஆச்சரியமா இருக்கும், டப்பாவும் காகிதமும் சேந்து கிடைச்சா இன்னும் நல்லது. எட்டு கம்பி இருந்தா டாரோபேட்ச், பத்து இருந்தா டிப்ளே, அதுக்கெல்லாம் சந்தை தனி.

சரி, யாருன்னு தெரிஞ்சுது, இனி நிலைமை. விலைய ரொம்ப அடிக்கறது வெடிப்பு இல்ல, மறு பாலிஷ்தான். நூறு வருஷ மரத்துல வெடிப்பு வர்றது சகஜம், ஒழுங்கா ஒட்டியிருந்தா சின்னதா குறையும் அவ்வளவுதான். ஆனா யாரோ பளபளன்னு திரும்ப வார்னிஷ் அடிச்சிருந்தா கிட்டத்தட்ட பாதி போச்சுன்னு வச்சுக்குங்க. கண்டுபிடிக்க ஒரு சின்ன யூவி டார்ச் போதும், இருட்டு ரூம்ல அடிச்சா பழைய லாக்கர் பச்சை கலந்த பால் மாதிரி மங்கலா ஒளிரும், புதுசா அடிச்ச இடம் கருப்பாவோ ஊதாவாவோ திட்டா தனியா தெரியும். பிரிட்ஜ (முன்பலகைல கம்பிய மாட்டற கட்டை) சுத்தி நிழல் மாதிரி வேற நிறம் இருந்தா பிரிட்ஜ் மாத்தினது. ஃப்ரெட் தேஞ்சிருந்தும் அதுக்குப் பக்கத்துல நிறம் மங்காம இருந்தாலும் சந்தேகப்படுங்க. யாராவது ஸ்டீல் கம்பி போட்டிருந்தா முன்பலகை வீங்கியிருக்கான்னு ஒரு ஸ்கேல நேரா வச்சுப் பாருங்க, இதெல்லாம் குடல் கம்பிக்கும் நைலானுக்கும் செஞ்ச உடம்பு, தாங்காது. உள்ள விரல விட்டு மெல்ல தட்டினா எந்தக் கட்டை கழண்டிருக்குன்னு கடகடன்னு சத்தத்துலயே தெரியும். கழண்டதுக்கு ஃபெவிக்விக் போடாதீங்க, ஃபெவிகாலும் வேண்டாம். அந்தக் காலத்துப் பசை சூடு காட்டினா விட்டுக்கொடுக்கும், அடுத்து ரிப்பேர் செய்யறவர் பிரிச்சு சேக்கலாம், நீங்க போட்டது விட்டுக்கொடுக்காது.

விலைக்கு ஆன்லைன்ல கேக்கற விலைய பாக்காதீங்க, வித்த விலைய பாருங்க. ஈபேல விற்பனையானதுன்னு ஃபில்டர் இருக்கு, வாத்தியம் விக்கற ரிவெர்ப் சைட்லயும் பழைய விற்பனை தெரியும். அதே ஸ்டைல், அதே காலம், அதே நிலைமை, மூணும் பொருந்தற ஒரு நாலஞ்சு விற்பனைய எழுதி நடுவுல இருக்கறத எடுத்துக்குங்க, ஒண்ணு ரெண்டு கிறுக்கு விலைய விட்டுடுங்க. சும்மா ஒரு அளவு தெரியணும்னா, சாதாரண ஹார்மனி நூறு டாலர் பக்கம், மார்ட்டின் ஸ்டைல் 0 நல்லா இருந்தா சில நூறு, ஸ்டைல் 3 ஆயிரத்தத் தாண்டும், 5கே பல ஆயிரம். ஒரிஜினல் பெட்டி இருந்தா கொஞ்சம் கூட சேரும்.

வெளிநாட்டுலேர்ந்து வாங்கறீங்கன்னா ஒரு எச்சரிக்கை. பழைய ஃபிங்கர்போர்டு நிறைய பிரேசில் ரோஸ்வுட், அது 1992லேர்ந்து சைட்டிஸ்ல (அழியற நிலைல இருக்கற உயிரினங்களோட வியாபாரத்தக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) கடும் தடைப் பட்டியல்ல இருக்கு, கம்பியத் தாங்கற நட்டோ சாடிலோ யானைத் தந்தத்துல இருந்தாலும் அதே கதைதான். அனுமதிச் சீட்டு இல்லாம வந்தா கஸ்டம்ஸ்ல போயிடும், விக்கறவர் என்ன சொன்னாலும் எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. கோவாவுக்கும் மாட்டுக் கொம்புக்கும் இந்தப் பிரச்சினை இல்ல.

கடைசியா அந்த இறுகின பெக்குக்கு. கட்டிங் பிளேயர் வேண்டவே வேண்டாம். கம்பிய முழுசா தளர்த்திட்டு, பெக்க வெளிப்பக்கமா லேசா இழுத்துக்கிட்டே சுத்துங்க, வரலன்னா மழைக்காலம் போய் ரூம் காய்ற வரைக்கும் ரெண்டு வாரம் விட்டுடுங்க, மரம் சுருங்கி தானே இளகும். வந்ததும் வயலின் கடையில பெக் பேஸ்ட்னு விக்கறத ஒரு பொட்டு தடவி திரும்ப அதே ஓட்டையில அதே பெக்க வைங்க, நாலும் நாலு அளவுல தேஞ்சிருக்கும் அதனால பென்சில்ல நம்பர் போட்ட பேப்பர்ல சுத்தி வச்சுக்குங்க. அப்படியும் வேற போட்டே ஆகணும்னா ஓட்டையப் பெருசாக்காம அளவுக்குத் தகுந்ததா தேடிப் போடுங்க, கழட்டினத ஒரு கவர்ல போட்டு பெட்டிக்குள்ளயே வைங்க, உங்களுக்கு அப்புறம் அத எடுக்கறவங்க தேடுவாங்க.