வயிற்றுப் பிள்ளையோடு கால் நரம்பு சுருட்டினால்

எனக்கு அப்போது ஏழாம் மாதம். தங்கச்சி கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம், நானும் சும்மா இருக்காமல் அடுப்படியில் நின்று தேன்குழல் பிழிந்தேன். சாயங்காலம் சேலையைத் தூக்கிப் பார்த்தால் இடது முழங்காலுக்குப் பின்னால் நீலமாக, மண்புழு சுருண்டு கிடப்பதுபோல ஒன்று. ஆயா பார்த்துவிட்டு, "நரம்பு சுருட்டிக்கிருச்சுத்தா, எண்ணெய் காய்ச்சிப் போட்டு உருவி விடுறேன், இப்படி உக்காரு" என்றார்கள்.

அதை மட்டும் செய்ய விடாதீர்கள். லேசாக எண்ணெய் தடவிக்கொள்ளலாம், ஆனால் புடைத்த இடத்தை அழுத்தி உருவவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

நரம்பு என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அது ரத்தக்குழாய், வெரிகோஸ் வெயின். காலிலிருந்து மேலே ஏறும் ரத்தம் திரும்பிக் கீழே இறங்காமல் இருக்க அதற்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. பிள்ளை உண்டானால் உடம்பில் ரத்தம் கிட்டத்தட்ட பாதியளவு கூடுகிறது, ஹார்மோன் குழாயின் சுவரைத் தளர்த்துகிறது, கர்ப்பப்பை வேறு பெரிய குழாயை அழுத்துகிறது, அப்புறம் வால்வு எப்படித் தாங்கும்? அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்கு இன்னும் அதிகம்.

ஒரே இடத்தில் நிற்பதுதான் முதல் எதிரி. அடுப்படியில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். நின்றே ஆக வேண்டுமென்றால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்கால் சதைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்காகக் கதை பேசுவதும் நிற்பது மாதிரிதான். சாயங்காலம் வளவைச் சுற்றி நாலைந்து சுற்று நடந்துவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, காலுக்குக் கீழே இரண்டு தலையணை வையுங்கள். கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் வைத்தாலும் சரி. காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ காரில் போனால் நடுவில் ஒரு தரம் இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள்.

அழுத்தமான ஸ்டாக்கிங்ஸ் நல்ல பலன் தரும், ஆனால் எந்த அழுத்தம் என்று டாக்டரைக் கேட்டு, கணுக்காலும் கெண்டைக்காலும் அளந்துதான் வாங்க வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, கால் வீங்காதபோது மாட்டிவிட வேண்டும். நான் முதல் நாள் காபி குடித்துவிட்டு, குளித்துவிட்டு மாட்ட உட்கார்ந்தேன், வயிறு இடிக்கிறது, குனிய முடியவில்லை, வீட்டுக்காரர் இழுக்க நான் கத்த, பெரிய கூத்து. மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், கயிறு கட்டினதுபோல இறுக்கிவிடும். கத்திரி வெயிலில் தொடை வரை போடுவது கொடுமை, முழங்கால் அளவு போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி கழற்றிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் காலைக் கழுவினால் சுகமாக இருக்கும்.

மலச்சிக்கல் வந்து முக்கினால் மூலமும் வரும், அதுவும் இதே ஜாதிதான். கீரை, பழம், தண்ணீர் வேண்டும், சர்க்கரை போட்ட கவுனி அரிசி கணக்கில் வராது.

கூச்சப்பட்டு யாரும் சொல்லாத ஒன்று, பிறப்புறுப்பிலும் இப்படிப் புடைக்கும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்கு அது தடையில்லை.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாகச் சிவந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108தான். முகமும் கையும் திடீரென்று வீங்கித் தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அது ரத்தக்கொதிப்பாக இருக்கலாம், அதற்கும் காத்திருக்கக் கூடாது. குழாய் உடைந்து ரத்தம் வந்தால் படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆள் கூப்பிடுங்கள்.

பிள்ளை பிறந்ததும் தாய்வீட்டில் அறைக்குள்ளேயே படுக்க வைத்துவிடுவார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம்தான் ரத்தம் கட்டும் அபாயம் அதிகம், அதனால் டாக்டர் சொன்னதும் எழுந்து நடந்துவிடுங்கள். லேசர், ஆபரேஷன் பேச்செல்லாம் சில மாதம் கழித்துத்தான், அதற்குள் பலருக்குத் தானாகவே அமுங்கிவிடும். எனக்குப் பிள்ளைக்குத் தலை நிற்பதற்குள் முக்கால்வாசி போய்விட்டது, ஒரு நீலக்கோடு மட்டும் இன்னும் இருக்கிறது. போன தையில் கொழுந்தன் கல்யாணத்துக்கு மறுபடி தேன்குழல் பிழிந்தேன், ஸ்டூலில் உட்கார்ந்து.